ரூவல் ஓடையும் கிளாட் மோனேயும்

பிரஞ்சு தேசத்தின் வடகரையில், சீன் நதி கடலொடு கலக்கும் இடத்தில், லெ ஹாவர் என்னும் துறைமுகப் பட்டினம் அமைந்துள்ளது. அதற்கு வடகிழக்கே ரூவல் என்னும் சிற்றூர் ஒன்று இருந்தது. 1973-ஆம் ஆண்டில் அவ்வூர் பட்டினத்தின் ஒரு பகுதியாக இணைக்கப்பட்டுவிட்டது. நாம் சொல்லப் புகும் காலத்திலோ அஃது ஓர் ஓடையும், ஓடைக்கரைப் புல்வெளியும், உயர்ந்து மெலிந்த பாப்ளர் மரங்களும் உடைய அமைதியான பள்ளத்தாக்கு. 1858-ஆம் ஆண்டுக் கோடையில், பதினேழு வயதினராய இளைஞர் ஒருவர் அப்பள்ளத்தாக்கில் முக்காலியை ஊன்றி, அதன்மேற் கித்தானை நிறுத்தி, தைல வர்ணத்தால் ஒரு படம் எழுதினார். இரண்டடிக்குச் சற்று மிகுந்த அகலமும் ஒன்றரையடி உயரமுமே உடைய அப்படத்தை ரூவலிலிருந்து தோன்றும் காட்சி என்று வழங்குவர். எழுதியவர் பின்னாளில் உலகெங்கும் பெயர் பரவிய ஓவியர் கிளாட் மோனே.

படத்தில் வியப்புக்குரிய பொருள் யாதுமில்லை. புராணக் கதையில்லை, போர்க்களமில்லை, இடிந்த கோபுரமோ அரசனோ அரசியோ இல்லை. நீலவானில் மெல்லிய வெண்முகில் சில படர்ந்துள்ளன. மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் நிழலுருவம் ஓடைநீரில் தலைகீழாய்த் தெரிகின்றது. கரையில் ஒருவன் தூண்டிலிட்டு அமர்ந்திருக்கின்றான். அவனையும் உற்று நோக்கினாலன்றிக் காண்டல் அரிது. அவ்வளவே. ஆயினும் மோனே எழுதியவற்றுள் நமக்கு எஞ்சியுள்ள முதல் இயற்கைக் காட்சி இதுவெனக் கருதப்படுதலின், அவர் வரலாற்றை அறிய விழைவோர் இதிலிருந்து தொடங்குதல் தகும். இளைஞர் ஒருவர் பயிற்சிக்காக எழுதிய படம் என்று இதனைத் தள்ளிவிடுவாரும் உளர். நமக்கோ, அவருடைய நெடிய வாழ்வின் ஆசையும் அவ்வாசைக்கு அவர் கொடுத்த விலையும் இச்சிறு கித்தானிலேயே தொடங்குவதாகத் தோன்றுகின்றது.

மோனே பாரிஸ் மாநகரில் 1840-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆஸ்கார் கிளாட் என்பது. வீட்டில் அவரை ஆஸ்கார் என்றே அழைத்தனர். இளமையில் எழுதிய படங்களிலும் அப்பெயரின் முதலெழுத்தையே அவர் பொறித்து வந்தார். அவருக்கு ஐந்து வயதான காலத்தில் குடும்பம் லெ ஹாவருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் அங்கே, கப்பல்களுக்கு வேண்டும் பொருள்களை விற்கும் தம் உறவினரின் வணிகத்திற் சேர்ந்தார். மகனும் கணக்குப் பேரேட்டைக் கையிலெடுத்து அவ்வணிகத்தை நடத்துவான் என்பது அவர் எண்ணம். மகனோ பள்ளிக்கூடத்தைச் சிறைச்சாலையாகக் கருதியவர். பாட நூல்களின் ஓரங்களில் ஆசிரியர்களின் முகங்களைக் கோணலாக வரைந்து நிரப்புவதே அவருக்கு விருப்பமான பாடம்.

இக்கோணல் முகங்கள் அவருக்கு விரைவிற் புகழைத் தந்தன. மூக்கை நீட்டியும் தலையைப் பெருக்கியும் உடலைச் சுருக்கியும் ஊர்ப் பெரியவர்களை அவர் வரைந்த கேலிச் சித்திரங்களைப் பட்டினத்தார் விரும்பி வாங்கினர். படம் ஒன்றுக்குப் பத்து, பதினைந்து, இருபது பிராங்கு எனக் கூலி உயர்ந்தது. இவ்வாறு ஈட்டிய பொருள் இரண்டாயிரம் பிராங்கு வரை சேர்ந்தது என்று அவரே முதுமையிற் கூறியுள்ளார். பதினாறு பதினேழு வயதில் இத்துணைப் பணம் ஈட்டிய பிள்ளைக்கு வேறொரு நெறி வேண்டும் என்று யார்தாம் சொல்ல முடியும்? இதற்கிடையே, 1857-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய அன்னையார் இறந்தார். தாயை இழந்த பிள்ளையை, தந்தையாரின் உறவினராகிய லெகாதர் அம்மையார் தாயைப் போன்று பேணினார். அவ்வம்மையார் ஓய்வு நேரத்தில் ஓவியம் எழுதும் பழக்கமுடையவர். பிள்ளை ஈட்டிய பணத்தைக் காத்து வைத்தவரும் அவரே.

கேலிச் சித்திரங்கள் வைக்கப்பட்டிருந்த கடையின் கண்ணாடிச் சன்னலில், அவற்றின் அருகே, கடலையும் வானத்தையும் காட்டும் சிறு படங்கள் சிலவும் தொங்கின. அவற்றை எழுதியவர் யூஜீன் பூதேன். மோனேவுக்கு அப்படங்கள் சிறிதும் பிடிக்கவில்லை. அக்கால வழக்கப்படி கூடத்திற்குள் அமர்ந்து, பழுப்பு மெருகேற்றி எழுதிய படங்களையே கண்டு பழகிய அவருக்குப் பூதேனின் உண்மையான வானம் பொய்யாகத் தோன்றியது போலும்! கடைக்காரர் இருவரையும் அறிமுகப்படுத்த முயன்ற போதெல்லாம் அவர் நழுவிக்கொண்டே இருந்தார். ஒருநாள் நழுவ இயலவில்லை. பூதேன் கடைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

பூதேனைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுதல் வேண்டும். பெரியோர் வரலாற்றில் இத்தகையார் ஒரு வரியில் வந்து மறைந்துபோவது வழக்கம். அவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. அவர் 1824-ஆம் ஆண்டில், சீன் கழிமுகத்தின் எதிர்க்கரையிலுள்ள ஓன்பிளர் என்னும் ஊரில், மாலுமி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். சிறுவயதில் தந்தையின் படகில் ஏவல் செய்தார். பின்னர் லெ ஹாவரில் காகிதமும் படச்சட்டமும் விற்கும் கடை வைத்தார். அக்கடைக்கு வந்துபோன ஓவியர்களைக் கண்டு தாமும் தூரிகை பிடித்தார். பட்டினத்தார் அளித்த உதவிப்பணத்தால் மூன்றாண்டு பாரிஸில் கற்றுத் திரும்பினார். அவருக்குப் பெரும்பொருளோ பெருமிதமோ இல்லை. நாள்தோறும் வானத்தை எழுதுவார். எழுதிய தாளிலேயே நாளும் நாழிகையும் காற்று வீசிய திசையும் குறித்து வைப்பார். மேகத்திற்கு இத்தகைய நாட்குறிப்பு எழுதிய மனிதர் வேறு யாவர் உளர்!

இவர் அவ்விளைஞரின் கேலிச் சித்திரங்களைக் கண்டு இகழவில்லை, திறமையைப் பாராட்டினார். பாராட்டிய பின், அதனோடு நின்றுவிடலாகாது என்றும், வயலையும் கடலையும் ஒளியையும் நேரிற் கண்டு எழுதக் கற்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். தம்மோடு வெளியே வருமாறு பலமுறை அழைத்தார். மோனே ஏதேதோ சாக்குச் சொல்லி மறுத்தார். கோடை வந்தது, சாக்குகள் தீர்ந்தன. இருவரும் வர்ணப்பெட்டியைச் சுமந்துகொண்டு ரூவலுக்குச் சென்றனர்.

ஆசிரியர் முதலில் எழுதத் தொடங்கினார். மாணவர் அருகே நின்று பார்த்தார். பூதேன் என்ன விரிவுரை செய்தார் என்று கேட்போர்க்குச் சொல்லுதற்கு மிகுதியாக ஒன்றுமில்லை. அவர் எழுதியதை இவர் கண்டார். கண்டபொழுதே, ஓவியம் என்பது இன்னது என்று தமக்கு விளங்கியதாகவும், தாம் ஓவியராயினமைக்குப் பூதேனே காரணர் என்றும் எண்பதாம் ஆண்டினை நெருங்கிய காலத்தும் அவர் சொல்லி வந்தார்.

அக்காலத்து ஓவியர் வெளியிற் சென்று சிறு குறிப்புப் படங்கள் எழுதிவருவது புதுமையன்று. ஆனால் அக்குறிப்புகளைக் கொண்டு வந்து, கூடத்திற்குள் பெரிய படமாக மாற்றி அமைப்பதே முறையெனக் கருதினர். வர்ணத்தைப் பன்றியின் சவ்வுப்பையிற் கட்டிச் சுமந்த காலத்தில் வெளியில் நெடுநேரம் எழுதுவதும் எளிதன்று. 1841-ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் என்பவர் உலோகக் குழாயில் வர்ணத்தை அடைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1847-ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து வந்த இருப்புப்பாதை லெ ஹாவர் வரை எட்டியது. வர்ணக்குழாயும் புகைவண்டியும் இல்லாவிடின் இவ்வோவிய நெறியே தோன்றியிராது என்று சிலர் கூறுவர். அது மிகையாயினும் முற்றும் பொய்யன்று.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தமிழிலக்கணம் வகுப்பதை நாம் வகுப்பறையிற் கற்கின்றோம். நிலத்தை மட்டும் எழுதிப் பொழுதை விட்டுவிட்ட ஓவியங்களே அந்நாட்டுக் கூடங்களில் மிகுந்திருந்தன. ரூவலில் மோனே கற்றுக்கொண்டது பொழுதை எழுதுவது. அப்படத்திலுள்ள மரங்களினும் அம்மரங்களின்மேற் படியும் வெயிலே நம் கண்ணை முதலிற் கவர்கின்றது.

அவ்வாண்டிலேயே லெ ஹாவர் நகரத்தார் நடத்திய ஓவியக் காட்சியில் அப்படம் இடம்பெற்றது. பின்னர்ப் பல கைம்மாறி, இப்பொழுது ஜப்பான் நாட்டு மருனுமா கலைப்பூங்காவின் உடைமையாக உள்ளது. இளைஞரின் தந்தையார், தம் மகன் பாரிஸிற் பயில நகரத்தாரிடம் உதவிப்பணம் வேண்டினார். 1859-ஆம் ஆண்டில் நகரசபையார் மறுத்துவிட்டனர். அவர்கள் கூறிய காரணம் படிப்போர்க்கு நகை விளைப்பது: கேலிச் சித்திரத்தில் இவருக்கு இயல்பாக அமைந்த திறமை, ஆழ்ந்த கல்வியினின்றும் இவரை விலக்கிவிடும் என்று அஞ்சினராம். எத்திறமையைப் பட்டினத்தார் காசு கொடுத்து வளர்த்தனரோ, அதுவே அவருக்குக் குற்றமாக முடிந்தது. மோனே வாளா இருக்கவில்லை. தாம் ஈட்டி வைத்த பணத்தைக் கொண்டு பாரிஸுக்குப் புறப்பட்டார்.

பாரிஸில் அவர் அடைந்த அலைச்சல்களை எல்லாம் விரிப்பின் பெருகும். 1861-ஆம் ஆண்டில் படைச்சேவைக்குக் குலுக்கிய சீட்டில் அவர் பெயர் விழுந்தது. ஓவியத்தை விட்டுவிட்டால் பணங்கட்டி விடுவிப்பதாகத் தந்தையார் சொன்னார்; மகன் இசையவில்லை. அல்ஜீரியா சென்று குதிரைப் படையிற் சேர்ந்தார். ஓராண்டுக்குள் குடற்காய்ச்சல் கண்டு வீடு திரும்பினார். லெகாதர் அம்மையார் பெருந்தொகை கொடுத்து அவரை மீட்டு, முறையான ஆசிரியரிடம் பயிலவேண்டும் என்னும் நிபந்தனையோடு மீண்டும் பாரிஸுக்கு அனுப்பினார். அங்கே கிளேர் என்னும் ஆசிரியரின் கூடத்தில் ரெனுவார், சிஸ்லி, பசீல் என்னும் மூவர் அவருக்கு நண்பராயினர்.

திறந்த வெளியில் எழுதவேண்டும் என்னும் ரூவற் பாடத்தை அவர் எத்துணை உறுதியாகப் பற்றினார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சாலும். 1866-ஆம் ஆண்டில் தோட்டத்துப் பெண்கள் என்னும் படத்தைத் தொடங்கினார். அதன் உயரம் எட்டடிக்கு மேற்பட்டது. ஏணியில் ஏறி எழுதினால் கண்ணின் நிலை மாறும். கூடத்திற்குட் கொண்டுபோனால் ஒளி மாறும். ஆகவே தோட்டத்தில் நீண்ட பள்ளம் ஒன்றை வெட்டுவித்து, கப்பியும் கயிறும் பூட்டி, மேற்பகுதியை எழுதும்போது கித்தானைப் பள்ளத்துள் இறக்கினார். 1867-ஆம் ஆண்டில் அரசாங்க ஓவியக் காட்சியின் நடுவர்கள் அப்படத்தைத் தள்ளிவிட்டனர். பசீல் என்னும் செல்வ நண்பர் இரக்கத்தால் அதனை 2,500 பிராங்குக்கு வாங்கி, திங்கள் ஒன்றுக்கு 50 பிராங்காகச் செலுத்தி வந்தார். அதே படத்தை 1921-ஆம் ஆண்டில் பிரஞ்சு அரசாங்கம் 2,00,000 பிராங்குக்கு வாங்கியது. அந்தோ, அதனைக் காணப் பசீல் இல்லை. அவர் 1870-ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மானியரோடு நிகழ்ந்த போரில், இருபத்தெட்டாம் வயதில் மாண்டார்.

அப்படத்திலுள்ள பெண்களுக்கு மாதிரியாக நின்றவர் கமீல் என்னும் நங்கை. 1867-ஆம் ஆண்டில் அவர் மோனேவின் முதல் மகனை ஈன்றார். 1870-ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். போர்க்காலத்தில் இலண்டனுக்கு ஓடிப்போயிருந்த மோனேவுக்கு அங்கே துரான்-ருவேல் என்னும் ஓவிய வணிகரின் நட்புக் கிடைத்தது. அந்நட்பே பிற்காலத்தில் அவர்க்குச் சோறு போட்டது எனலாம். நாடு திரும்பியபின் பாரிஸுக்கு அருகே சீன் கரையிலுள்ள அர்ஜாந்தேய் என்னும் ஊரில் குடியேறினார். ஒரு படகின்மேற் சிறு கூரை வேய்ந்து, அதனையே எழுதுகூடமாக்கி, ஆற்றின் நடுவிலிருந்து ஆற்றை எழுதினார்.

1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், அவரும் நண்பர்களுமாக முப்பதின்மர் வரை கூடி, அரசாங்க நடுவர்களை நாடாமல், பாரிஸில் நதார் என்னும் புகைப்படக்காரரின் பழைய கூடத்தில் தனியே ஒரு காட்சி நடத்தினர். பூதேனும் அதில் தம் படங்களை வைத்தார் என்பது நினைக்கத்தக்கது. லெ ஹாவர்த் துறைமுகத்தில் மூடுபனிக்கிடையே கதிரவன் எழுவதைக் காட்டும் படம் ஒன்றை மோனே வைத்திருந்தார். அதன் பெயரில், மனத்திற் பதிந்த தோற்றம் என்னும் பொருளுடைய இம்பிரஷன் என்னும் சொல் இருந்தது. லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஷாரிவாரி என்னும் நகைச்சுவைத் தாளில் அக்கூட்டத்தார்க்கு இம்பிரஷனிஸ்டுகள் என்று ஏளனப் பெயர் சூட்டினார். ஏளனத்திற்கு இட்ட பெயரே கலை வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவ்வுதயப் படத்தை 1874-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஓஷ்தே என்னும் வணிகர் 800 பிராங்குக்கு வாங்கினார். நான்கே ஆண்டில் அது 210 பிராங்குக்கு விற்கப்பட்டது. ஓஷ்தே நொடித்துப்போனார்.

நொடித்த ஓஷ்தேவின் குடும்பமும் மோனேவின் குடும்பமும் 1878-ஆம் ஆண்டில் வெதேய் என்னும் சிற்றூரில் ஒரே வீட்டில் வாழ நேர்ந்தது. ஓஷ்தேவின் மனைவியார் ஆலிஸ், அவருடைய மக்கள் அறுவர், மோனேவின் மக்கள் இருவர், நோயுற்ற கமீல் ஆகிய இத்தனை பேர்க்கும் உணவு தேடவேண்டியிருந்தது. இரண்டாம் மகனை ஈன்றபின் கமீல் தேறவேயில்லை. 1879-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில் அவர் இறந்தார். கமீல் அணிந்திருந்த பதக்கம் ஒன்று அடகுக்கடையில் இருந்தது. அவர் கழுத்தில் அதனை அணிவித்து அடக்கம் செய்ய விரும்பிய மோனே, அதை மீட்டுத் தருமாறு பாரிஸிலிருந்த நண்பர் ஒருவர்க்கு அன்றே கடிதம் எழுதினார்.

இறந்து கிடந்த மனைவியை அவர் ஓவியமாகவும் எழுதினார். நீலமும் சாம்பலும் ஊதாவும் கலந்து, பனிப்புகையால் மூடப்பட்டதுபோன்ற முகம். எழுதுகையில், சாவினால் முகத்தில் ஏறிக்கொண்டிருந்த வர்ணங்களின் படிவரிசையைத் தம் கண் தாமாகவே அளந்துகொண்டிருந்ததைக் கண்டு தாம் திடுக்கிட்டதாகப் பல்லாண்டு கழித்து நண்பர் கிளெமான்சோவிடம் அவர் சொல்லி வருந்தினார். இதனைக் கல்நெஞ்சம் என்பாரும் உளர். அங்ஙனம் எளிதிற் சொல்லிவிட நமக்கு மனம் எழவில்லை. ரூவலில் திறந்த கண் மீண்டும் மூட மறுத்துவிட்டது. துயரத்தின் முன்னிலையிலும் அது தன் தொழிலை விடவில்லை. அதனைக் கண்டு முதலில் அஞ்சியவர் அவரே. மனைவி உயிரோடிருந்த காலத்தில் அவர் வறுமையைப் பொருட்படுத்தாது தம் நெறியையே பற்றி நின்றது கமீலுக்கு நீதியாகுமா என்பது வேறு கேள்வி. அக்கேள்விக்கு ஓவியச் சுவைஞர்கள் விடைசொல்லாமற் கடந்துபோவதே வழக்கமாயிருக்கின்றது.

1883-ஆம் ஆண்டில் அவர் ஜிவெர்னி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். சாகும் வரை அங்கேயே வாழ்ந்தார். படங்கள் மெல்ல மெல்ல விலைபோகத் தொடங்கின. 1890-ஆம் ஆண்டில், வாடகைக்கு இருந்த வீட்டையும் தோட்டத்தையும் 22,000 பிராங்குக்கு வாங்கினார். ஓஷ்தே இறந்தபின் 1892-ஆம் ஆண்டில் ஆலிஸை மணந்தார்.

அக்காலத்தில் தொடங்கிய படவரிசைகளே அவர் பெயரை நிலைநாட்டின. வீட்டின் அருகேயிருந்த வயலில், அறுத்த கோதுமைக் கதிர்களை அடுக்கிப் போர் போட்டிருந்தனர். நம் நாட்டு வைக்கோற்போர் போன்றதெனினும், அது வெறும் வைக்கோலன்று. கதிரடிக்கும் பொறி வரும்வரை தானியத்தோடு காத்திருக்கும் உழவரின் ஓராண்டுச் செல்வம். அதனைக் காலையில், நண்பகலில், மாலையில், பனியில், உருகும் பனியில் எனப் பலபடியாக எழுதினார். ஒளி மாறும்போதெல்லாம் கித்தானையும் மாற்றினார். முக்காலியையும் கித்தான்களையும் சுமந்து உதவியவர் ஆலிஸின் மகள் பிளான்ஷ். 1891-ஆம் ஆண்டு மே மாதத்தில் துரான்-ருவேலின் கூடத்தில் அப்படங்களுட் பதினைந்து வைக்கப்பட்டன. காட்சி தொடங்கிய சின்னாட்களுக்குள் அனைத்தும் விற்றுப்போயின.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டவை பாப்ளர் மரங்கள். ரூவல் ஓடைக்கரையில் முப்பத்து மூன்றாண்டுக்கு முன் எழுதிய அதே மரம் இப்பொழுது எப்த் என்னும் சிற்றாற்றின் கரையில் வரிசையாய் நின்றது. தட்டைப் படகில் அமர்ந்து அவற்றை எழுதத் தொடங்கினார். சில கித்தான்களில் அவர் பிடிக்க முயன்ற ஒளி ஏழே நிமிஷந்தான் நிலைத்ததாக, அண்டையில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் லில்லா காபட் பெர்ரி அம்மையார் எழுதியுள்ளார். வேலை பாதியில் இருக்கையில் ஓர் இடையூறு நேர்ந்தது. அம்மரங்கள் லிமே என்னும் ஊராரின் பொதுவுடைமை. 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவற்றை ஏலம் போட ஊரார் முடிவு செய்தனர். மோனே மரவணிகர் ஒருவரைக் கண்டு, அவர் ஏலத்தில் எடுத்து, சில மாதம் வெட்டாமல் விட்டுவைக்குமாறு தம் கையினின்றும் பணங்கொடுத்து ஏற்பாடு செய்தார். படங்கள் முடிந்தன, பின்னர் மரங்களும் வெட்டுண்டன. மரத்தை விலைக்கு வாங்கியவரைப் பார்த்திருக்கின்றோம். மரத்தின்மேல் விழும் வெயிலுக்கு விலைகொடுத்தவர் இவர் ஒருவரே.

ரூஆன் நகரத்துப் பேராலயத்தின் முகப்பை 1892, 1893-ஆம் ஆண்டுகளில் முப்பது முறைக்கு மேல் எழுதினார். எதிர்வீட்டுச் சன்னலருகே பல கித்தான்களை வரிசையாய் வைத்து, கதிரவன் நகர நகரத் தாமும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தார். கருங்கல் போன்ற உறுதியான கோயிற்சுவர் அப்படங்களில் ஒருபொழுது நீலமாகவும் ஒருபொழுது பொன்னாகவும் கரைந்து நிற்கின்றது.

1893-ஆம் ஆண்டில், வீட்டின் எதிரே இருப்புப்பாதைக்கு அப்பாலுள்ள நிலத்தை வாங்கிக் குளம் வெட்டத் தொடங்கினார். அயல்நாட்டு நீர்ப்பூண்டுகள் ஆற்றை நஞ்சாக்கிவிடும் என்று அஞ்சி, கீழ்ப்பகுதி உழவர் தடுத்தனர். மோனே மிகுந்த சினங்கொண்டார். மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதி இசைவு பெற்றார். ஆல்லிப் பூக்கள் மிதக்கும் அக்குளமே அவர் இறுதி முப்பதாண்டின் உலகமாயிற்று. தோட்டக்காரர் ஒருவர் படகிற் சென்று இலைகளைத் துடைத்து வைப்பதே வேலையாக இருந்தார் என்பர். தாம் எழுதியவற்றில் மனநிறைவு கொள்ளாத மோனே, 1908-ஆம் ஆண்டில், காட்சிக்கு வைத்திருந்த குளப்படங்களில் பதினைந்துக்குக் குறையாதவற்றைத் தம் கையாலேயே அழித்தார்.

1911-இல் ஆலிஸ் இறந்தார். 1914-இல் மூத்த மகனும் இறந்தான். இவற்றுக்கிடையே 1912-ஆம் ஆண்டில் அவர் கண்களிற் புரை படர்ந்துள்ளதென மருத்துவர் கண்டனர். ஒளியையன்றி வேறொன்றையும் எழுதாத மனிதர்க்கு இதனினும் கொடிய செய்தி உண்டோ? தோமியே முதலிய ஓவியர்க்குச் செய்த கண் சிகிச்சை பயன் தராமையை அறிந்தவராதலின், அவர் அறுவைக்கு அஞ்சிப் பத்தாண்டுக்கு மேல் நாள் கடத்தினார். சிவப்பு மங்கியது, நீலம் மறைந்தது, எல்லாம் பழுப்பும் மஞ்சளுமாய்த் தோன்றின. வர்ணக் குழாய்களின் பெயரைப் படித்தும், பலகையில் அவற்றை வைக்கும் வரிசையை மாற்றாமலும், நினைவைக் கொண்டு எழுதினார். அந்நிலையிலேதான் தம் வாழ்வின் பெரும்பணியைத் தொடங்கினார் என்பது நம்புதற்கரியது. 1914-ஆம் ஆண்டுப் பெரும்போர் மூண்டு இளைய மகன் போர்முனை சென்றிருந்த காலத்தில், ஆறடிக்கு மேல் உயரமுள்ள கித்தான்களைத் தாங்குதற்கென்றே புதுக்கூடம் ஒன்று கட்டுவித்து, குளத்தை எழுதத் தொடங்கினார். விதவையான மருமகள் பிளான்ஷ் உடனிருந்து பேணினார்.

போர் முடிந்த மறுநாள், 1918-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், அப்பொழுது பிரஞ்சு முதலமைச்சராயிருந்த கிளெமான்சோவுக்கு, வெற்றியின் நினைவாகத் தம் படங்கள் இரண்டை நாட்டுக்கு அளிக்க விரும்புவதாக எழுதினார். நண்பரின் ஊக்கத்தால் அக்கொடை பெருகியது. ஆனால் கொடுத்தேன் என்று சொல்லிய பின்னும் படங்களைக் கையினின்றும் விடவில்லை. 1923-ஆம் ஆண்டில் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டார். அதன்பின் உலகம் சிலகாலம் மிகுந்த மஞ்சளாகவும் பின்னர் மிகுந்த நீலமாகவும் தோன்றவே மனம் நொந்தார். புதிய மூக்குக்கண்ணாடி ஒருவாறு துணைசெய்தது. திருத்துவதும் கிழிப்பதும் மீண்டும் எழுதுவதுமாய் நாட்கள் கழிந்தன. நாட்டுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றாமற் காலந்தாழ்த்தும் நண்பரைக் கிளெமான்சோ கடிந்தும் எழுதினார், கெஞ்சியும் எழுதினார்.

1926-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், மோனே ஜிவெர்னியில் உயிர் நீத்தார். ஆடம்பரமில்லாத அடக்கத்தையே அவர் விரும்பியிருந்தார். பேழையின்மேல் கருந்துணி போர்த்தியிருப்பதைக் கண்ட கிளெமான்சோ, மோனேவுக்குக் கறுப்பு ஆகாது என்று அதனை நீக்கிவிட்டுப் பூப்போட்ட துணியொன்றைப் போர்த்தினார் என்பது அந்நாளிலிருந்து சொல்லப்பட்டு வரும் செய்தி.

1927-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பாரிஸ் ஒராஞ்சரி மாளிகையில் அக்குளப்படங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டன. முட்டை வடிவான இரண்டு கூடங்களின் சுவர்களை அவை சூழ்ந்து நிற்கின்றன. கரையுமில்லை, தூண்டிலிட்டு அமர்ந்த மனிதனுமில்லை, மேலே வானத்தையும் காணோம். மரமும் முகிலும் நீரின் நிழலாக மட்டுமே உள்ளன. மேற்கூரை வழியே இயற்கையொளி விழுமாறு அக்கூடங்களை அமைக்கவேண்டும் என்பது மோனேவின் கருத்து. 1960-ஆம் ஆண்டுகளில் வேறு படங்களை வைக்க இடம் வேண்டி, அவற்றின்மேல் ஒரு மாடி எழுப்பி அவ்வொளியை அடைத்துவிட்டனர். நாற்பதாண்டு காலம் குளம் மின்விளக்கின் கீழ்க் கிடந்தது. பின்னர் மாடியை இடித்து, 2006-ஆம் ஆண்டில் கூடங்களைப் பழையபடி திறந்தனர். பாரிஸ் வானில் முகிலொன்று கடந்தால், இப்பொழுது அக்குளத்தின் நீரிலும் நிறம் மாறுகின்றது.